றெஜினா அக்கா இங்கிலிஸ் படித்த விதம்

கனடாவின் மொன்ட்ரியால்-நோரில் எங்கள் கட்டடத்தின் மூன்றாம் மாடியில், எங்கள் கதவுக்கு எதிர்க் கதவு றெஜினா அக்காவுடையது. அவரும் கணவர் அல்பேட் அண்ணையும் நாங்கள் இங்கே குடிவருவதற்கு வெகுகாலம் முன்பிருந்தே அந்த வீட்டில் இருக்கிறார்கள். ஒரே மகள் ஜெசிக்கா கல்யாணம் முடித்து லவாலில் இருக்கிறாள். அக்கா ஒரு கார்தெரியில் சமையல் செய்கிறார். வேலைக்குப் போகிற தாய் தகப்பன்மார் பகலில் விட்டுவிட்டுப் போகும் சின்னக் குஞ்சுகளுக்கு மத்தியானச் சூப்பும் பாஸ்தாவும் அவர் கையால்தான். அண்ணை ட்றக் ஓட்டியவர். துறைமுகத்தில் கொன்டெய்னரை ஏற்றிக்கொண்டு எல்லை தாண்டி, கென்டக்கி, டெனசி என்று தெற்கே போய், சில நாட்களில் வேறொரு சுமையோடு திரும்புவார்.

"இந்த நாட்டுக்கு வந்து நாங்கள் ஆளுக்கொரு பாசையை எடுத்துக்கொண்டம்," என்று அக்கா சொல்வார். அவருக்குப் பிரெஞ்சு. கார்தெரியிலும் கடையிலும் மாதா கோயிலிலும் அதுதான் வேண்டியிருந்தது. அண்ணைக்கு இங்கிலிஸ். வீட்டுக்குள் வந்து சப்பாத்தைக் கழற்றினால் இருவருக்கும் தமிழ். ஒருவர் எடுத்த பாசையை மற்றவர் எட்டிப் பார்க்கவேண்டிய தேவை இருபத்தைந்து வருடமாக வரவில்லை.

அண்ணையின் இங்கிலிஸ் பள்ளிக்கூடத்து இங்கிலிஸ் அல்ல. மன்னாரில் படித்தது அவருக்குப் பெயர் எழுதத்தான் காணும். மிச்சம் எல்லாம் ட்றக் றேடியோவில் வந்தது. எல்லை தாண்டியதும் எந்த இடத்தில் திருகினாலும் கன்ட்ரி பாட்டுத்தான் போகும். தொண்ணூறுகளில் வந்த பாட்டுகள், பிறகு அதற்குப் பிறகு வந்தவை. ஒரு கிற்றார், ஒரு வயலின், நடுவில் ஓர் ஆணோ பெண்ணோ உங்களுக்குப் பக்கத்து ஆசனத்தில் இருந்து கதைப்பது போலப் பாடுவார்கள். அண்ணை தனியே இருந்து உரத்துச் சேர்ந்து பாடுவார். ஒருமுறை படியில் என்னைக் கண்டு நின்று சொன்னார்: "தம்பி, மற்றவங்கள் பாடினா எனக்குச் சத்தம்தான் கேக்கும். இவங்கள் பாடினாச் சொல்லுக் கேக்கும். மூண்டு நிமிசத்திலை ஒரு மனுசன்ரை முழுக் கதையையும் சொல்லி முடிச்சிடுவாங்கள். தகப்பன் செத்தது, வேலை போனது, மகள் கலியாணம் கட்டிப் போனது. அதுக்கு மேலை எங்களுக்கு என்ன கிடக்கு?"

அக்காவுக்கு அந்தப் பாட்டுகள் பிடிக்காது. வீட்டில் அண்ணை போட்டால், "பெரிய வெள்ளிக்கிழமைப் பசாம் ஒப்பாரி மாதிரிக் கிடக்கு, நிப்பாட்டுங்கோ," என்பார். அண்ணை சிரித்துக்கொண்டு சத்தத்தைக் குறைப்பார். நிற்பாட்டமாட்டார்.

போன பனிக்காலத்துக்கு முந்தின பனிக்காலம், ஒரு காலையில், துறைமுகத்துக்குப் பக்கத்தில் ட்றக்குகளை நிறுத்தும் வளவில், அண்ணையின் ட்றக் இயங்கியபடியே நின்றது. வெளிக்கிடவில்லை. அவரோடு பல வருடம் ஓடிய யோகேந்திரன் போய்க் கதவைத் திறந்து பார்த்தார். அண்ணை ஸ்டியரிங்கில் சாய்ந்திருந்தார். வாய் ஒரு பக்கம் கோணி, வலது கை மடியில் கிடந்தது. பாரிசவாதம்.

உயிர் தப்பினார். கால் மெல்ல மெல்ல வந்தது. கையும் பாதி வந்தது. பேச்சு வரவில்லை. கேட்பதெல்லாம் விளங்கும், சொல்லத்தான் ஏலாது. தமிழும் இல்லை, இங்கிலிசும் இல்லை. அக்கா கட்டிலுக்குப் பக்கத்தில் இருந்து, "தண்ணி வேணுமோ? ஜெசிக்காவைக் கூப்பிடட்டோ?" என்று கேட்டால், வாயைத் திறந்து ஏதோ ஒரு சத்தத்தைத் தள்ளுவார். அது சொல்லாக மாறாது. பிறகு கண்ணை மூடிவிடுவார்.

ஒருநாள் பின்னேரம் ஜெசிக்கா தகப்பனுக்கு ஆறுதலாக இருக்கட்டும் என்று போனில் அவருடைய பாட்டுகளில் ஒன்றைப் போட்டுத் தலையணைக்கு அருகில் வைத்தாள். அக்கா ஒரு தோடம்பழம் உரித்துக்கொண்டிருந்தார். பாட்டுக்காரன் முதல் அடியை முடித்து இரண்டாம் அடிக்கு வரும்போது அறையில் இன்னொரு குரல் கேட்டது. அண்ணை பாடினார். சொல் குழறவில்லை. முகட்டைப் பார்த்துக்கொண்டு கடைசி வரைக்கும் பாடினார். பாட்டு முடிந்ததும், "அப்பா, இன்னொருக்கா சொல்லுங்கோ," என்று ஜெசிக்கா அழுதாள். அண்ணை வாயைத் திறந்தார். அதே பழைய சத்தம்தான் வந்தது.

பேச்சுப் பயிற்சி கொடுக்க வந்த கெபெக் பெண் அக்காவுக்குப் பிரெஞ்சில் விளக்கினாள். தலைக்குள் பேச்சுக்கு ஓர் அறை, பாட்டுக்கு வேறோர் அறை என்று நினைத்துக்கொள்ளுங்கள், ஒன்று இடிந்துவிட்டது, மற்றது நிற்கிறது, நாங்கள் நிற்கிற அறையால் உள்ளே போய்ப் பார்ப்போம் என்றாள். சில பேருக்கு நன்றாக வரும், சில பேருக்கு வராது என்றும் சொன்னாள்.

அக்கா முதலில் தமிழில்தான் முயன்றார். கோயில் பாட்டுகளைப் போட்டார். அண்ணை கொஞ்சம் இழுத்துப் பார்த்துவிட்டு நின்றுவிட்டார். அருள் நிறைந்த மரியே செபம் பாதி வரைக்கும் வந்து அறுந்தது. அவர் கோயிலில் எப்போதும் பின்வரிசை வாங்கில் இருந்து வாயசைத்தவர். தொண்டை திறந்து பாடியதெல்லாம் ட்றக்குக்குள்ளே, தனியே, அமெரிக்க றோட்டில். அந்தப் பாட்டுகள்தான் உள்ளே இருந்தன.

"முப்பது வருசம் என்னோடை தமிழிலை கதைச்ச மனுசன்," என்று அக்கா என் மனைவியிடம் சொன்னார். "இப்ப வாயைத் திறந்தா எனக்கு விளங்காத பாசை."

அப்படித்தான் அவர் இங்கிலிஸ் படிக்கத் தொடங்கினார். வகுப்புக்குப் போகவில்லை. கார்தெரிச் சமையலறையில் கரட் சீவும்போதும் பாத்திரம் கழுவும்போதும் காதில் இயர்போனை மாட்டிக்கொண்டு அண்ணையின் பாட்டுகளைக் கேட்டார். விளங்காத இடத்தை நிற்பாட்டித் திரும்பக் கேட்டார். பின்னேரம் ஜெசிக்காவுக்குப் போன் எடுத்து, "பிள்ளை, இந்த வரிக்கு என்ன கருத்து?" என்பார். ஜெசிக்கா வேலையில் இருந்துகொண்டே சொல்வாள். தமிழில் சொல் கிடைக்காதபோது பிரெஞ்சில் சொல்வாள். அக்கா அதைத் தமிழாக்கிக்கொள்வார்.

கொஞ்சம் கொஞ்சமாக வீட்டில் ஒருவிதக் கதை தொடங்கியது. தாயின் ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாட்டு மேசையைப் பற்றி ஒரு பாட்டு இருந்தது. அதில் ஒரு வரியை அண்ணை பாடினால் பசி. வெளியே போகவேண்டுமென்றால் றோட்டைப் பற்றிய ஒன்று. தகப்பனின் பழைய சேர்ட்டைப் போட்டுப் பார்க்கும் மகனின் பாட்டைப் பாடினால், அவருடைய அப்பாவை நினைக்கிறார் என்று அக்காவுக்குத் தெரியும். பக்கத்தில் போய் இருப்பார்.

"நான் ஒப்பாரி எண்டு சொல்லித் திரிஞ்சன்," என்றார் ஒருநாள், எங்கள் கதவடியில் நின்று. "ஒப்பாரிதான். ஆனா ஒப்பாரியிலை செத்தவையைப் பற்றித்தானே சொல்லுவம். இவை இருக்கிறவையைப் பற்றியும் சொல்லுகினம். பக்கத்திலை இருக்கேக்கை சொல்லாமல் விட்டதெல்லாம் சொல்லுகினம். அதுதானாக்கும் சனம் விடாமல் கேக்குது."

எல்லாப் பாட்டிலும் அண்ணை அதிகம் பாடியது ஒன்று. காலையில் முகம் கழுவும்போது, ஜன்னலடியில் இருக்கும்போது, கேட்காமலே அது வரும். மெட்டு இறங்கி இறங்கிப் போகும். அக்காவுக்கும் அதுதான் முதலில் பிடித்த பாட்டு. அதன் கருத்தைக் கேட்க ஏனோ பிந்திவிட்டது. ஒரு சனிக்கிழமை ஜெசிக்கா வந்து, புட்டுக்கு மா குழைத்துக்கொண்டிருக்கும்போது அக்கா கேட்டார்.

"அது ஒரு ட்றக் ஓடுற ஆளின்ரை பாட்டு, அம்மா. அவர் ஒவ்வொரு கிழமையும் ஒரு சின்ன ஊராலை போவார். அங்கை ஒரு வீடு இருக்கு. குசினியிலை மஞ்சள் லைற் எரியும். அந்த வீட்டிலை இருக்கிற லேடியை அவர் முந்தி லவ் பண்ணினவர். அந்த இடம் வந்ததும் அவர் மெதுவாப் போவார். ஆனா நிப்பாட்டமாட்டார். அவ்வளவுதான்."

"பேந்து?"

"பேந்து ஒண்டும் இல்லை. போயிடுவார்."

அக்கா மாவைக் குழைத்துக்கொண்டே இருந்தார். அது தண்ணீர் கூடிக் களியாகிவிட்டது.

அன்றிலிருந்து அந்தப் பாட்டு வேறு பாட்டாகிவிட்டது. அண்ணை ஜன்னலைப் பார்த்துப் பாடும்போது அக்கா அவர் முகத்தைப் பார்ப்பார். யார் வீட்டு லைற்? எந்த ஊர்? இவர் போன றோட்டுகளில் எத்தனை வீடு இருந்திருக்கும்? யோகேந்திரன் ஒருமுறை பழங்களோடு பார்க்க வந்தார். அண்ணை உள்ளே நித்திரை. அக்கா தேத்தண்ணீரை வைத்துவிட்டு நேராகவே கேட்டார்.

"தம்பி, எல்லைக்கு அங்காலை அவருக்கு ஆரும் இருந்தவையோ?"

"ஆர் அக்கா?"

"ஒரு பொம்பிளை."

யோகேந்திரன் சிரிக்கப் பார்த்தார். அக்கா சிரிக்கவில்லை.

"எனக்குத் தெரிய ஒருத்தரும் இல்லை. ஓடுறதும் படுக்கிறதும்தான் எங்கடை சீவியம். ஏன் கேக்கிறீங்கள்?"

அக்கா பாட்டைச் சொன்னார். யோகேந்திரனுக்கு உடனே தெரிந்தது. "அது அங்கை எல்லாரும் கேக்கிற பாட்டு. வந்து எத்தினையோ வருசம், இன்னும் ஒரு நாளைக்கு ரெண்டு மூண்டு தரம் போகும். அதைக் கேட்டா ஆருக்கும் ஒராளை நினைவு வரும். எனக்கும் வாறது."

"துஷாந்தினியைத்தானே?"

துஷாந்தினி அவருடைய மனைவி. யோகேந்திரன் கோப்பையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இல்லை அக்கா," என்றார். "அதுக்காக நான் துஷாந்தினிக்கு ஒரு குறையும் வைக்கேல்லை. அல்பேட் அண்ணைக்கு ஆரை நினைவு வந்ததோ, அது எனக்குத் தெரியாது. பொய் சொல்லேலாது."

அவர் போனபிறகு, அண்ணை எழுந்து வந்து மேசையடியில் இருந்ததும், அக்கா எதிரில் இருந்து கேட்டார். "இஞ்சாருங்கோ. அந்த லைற் எரியிற வீடு ஆரின்ரை வீடு?"

அண்ணைக்குக் கேள்வி விளங்கியது. முகம் மாறியது. வாய் திறந்து மூடியது. இடது கை எழும்பி ஜன்னலைக் காட்டியது, பிறகு அக்காவைக் காட்டியது, பிறகு தன் நெஞ்சை. அதை எப்படியும் எடுக்கலாம். அக்கா திரும்பவும் கேட்டார். அண்ணை மேசையில் கையால் அடித்தார். ஒருமுறை அல்ல, கை சிவக்கும்வரை. அக்கா அந்தக் கையைப் பிடித்து நிற்பாட்டினார். அதற்கு மேல் கேட்கவில்லை.

ஆனால் அந்தப் பாட்டை எடுத்துவிட்டார். போனில் அது வராமல் ஜெசிக்காவைக்கொண்டு செய்வித்தார். அண்ணை தானாகப் பாடத் தொடங்கினால் அக்கா எழுந்து குசினிக்குப் போய்விடுவார். இரண்டு மூன்று தடவை அப்படி நடந்தது. அதற்குப் பிறகு அண்ணை அதைப் பாடவில்லை. இன்னும் கொஞ்ச நாளில் ஒன்றையுமே பாடவில்லை. பசித்தால் குசினி வாசலில் வந்து நின்றார். வெளியே போக விரும்பினால் சப்பாத்தைத் தூக்கிக் காட்டினார். உயிர்ப்புப் பெருநாளுக்கு முன், பிடித்த ஒன்றை விட்டிருக்கும் தவக்காலம் நடந்துகொண்டிருந்தது. கோயிலில் சிலர், "அல்பேட் தவக்காலத்துக்குப் பாட்டை விட்டிட்டாரோ?" என்று பகிடியாகக் கேட்டார்கள். அக்கா, "ஓம்," என்றார்.

எதிர் வீட்டில் இருக்கும் எங்களுக்கே அந்த அமைதி தெரிந்தது. முன்பு சுவர் தாண்டி வந்த குரல் இல்லை. கோப்பை வைக்கும் சத்தமும் குழாய்ச் சத்தமும் மட்டும். பேச்சுப் பயிற்சிக்குப் போன இடத்திலும் அண்ணை வாய் திறக்கவில்லை. அந்தப் பெண் அக்காவைத் தனியே கூப்பிட்டு, வீட்டில் ஏதும் நடந்ததா என்று கேட்டாள். அக்கா அண்ணையின் கையைப் பிடித்துக்கொண்டு வெளிக்கிட்டார். பஸ்ஸில் வரும்போது அண்ணை ஜன்னல் பக்கம் இருந்தார். வெளியே அழுக்கேறிய பனிக் கும்பிகள் உருகிக்கொண்டிருந்தன. அவருடைய உதடு அசையவேயில்லை என்பதை அக்கா கண்டார். முன்பெல்லாம் பஸ்ஸில் ஏறினால் உதடு அசையும்.

உயிர்ப்புப் பெருநாளுக்கு அடுத்த நாள், அக்காவுக்கு லீவு. காலைத் தேத்தண்ணீர் முடிந்ததும் தானே தேடி அந்தப் பாட்டைப் போட்டார். போனை மேசை நடுவில் வைத்துவிட்டு எதிரில் இருந்தார். இந்த முறை எழும்பிப் போகவில்லை. அண்ணை நம்பாமல் அவரைப் பார்த்தார். பாட்டு முழுவதும் ஓடி முடிந்தது. அக்கா இரண்டாம் தரம் போட்டார். அந்த மஞ்சள் லைற் வரும் இடத்தில் அண்ணை மெல்லச் சேர்ந்துகொண்டார். குரல் துருப்பிடித்துக் கிடந்தது.

"ஆரையும் நினைச்சுப் பாடட்டும்," என்று அக்கா பிறகு என் மனைவியிடம் சொன்னார். "நினைக்கிறதை நான் பிடிச்சு வைக்கேலுமோ? குரலெண்டாலும் எனக்கு வேணும்."

அந்தக் கோடையில்தான் லொங்குய்ய் என்ற ஊருக்குப் போகும் பழக்கம் தொடங்கியது. ஆற்றுக்கு அங்காலை, அந்த ஊரில், ஓய்வு பெற்றவர்களின் மண்டபம் ஒன்றில் ஞாயிறு பின்னேரம் கன்ட்ரி நடனம் என்று பயிற்சிப் பெண் சொன்னாள். பூசை முடிந்து, மெற்றோவில் ஏறி, மஞ்சள் பாதைக்கு மாறி இருவரும் போனார்கள். அக்கா தயங்கித்தான் போனார். உள்ளே கெபெக் கிழவர்களும் கிழவிகளும். தொப்பி, பெரிய பக்கிள் வைத்த பெல்ற், பூட்ஸ். பாடியவர்கள் அரைவாசி இங்கிலிசிலும் அரைவாசி பிரெஞ்சிலும் பாடினார்கள். ஆடியவர்கள் சோடி சேரவில்லை. வரிசையாக நின்று எல்லோரும் ஒரே பக்கம் திரும்பி, ஒரே காலைத் தட்டினார்கள். கணவன் செத்துப்போன கிழவிகளும் வரிசையில் நின்றார்கள். "அது எனக்குப் பிடிச்சுது," என்றார் அக்கா. "ஒருத்தருக்கும் கை நீட்டத் தேவையில்லை."

மூன்றாம் தடவையோ நான்காம் தடவையோ போனபோது, அக்கா பாட்டுக்காரரிடம் போய், என் கணவருக்குப் பேச வராது, ஆனால் பாட வரும், ஒன்று பாடலாமா என்று பிரெஞ்சில் கேட்டார். பெரிய வயிறும் வெள்ளைத் தொப்பியும் வைத்த அந்த மனிதர் என்ன பாட்டு என்றார். அக்கா அந்த மஞ்சள் லைற் பாட்டின் பெயரைச் சொன்னார். அவர் தொப்பியைச் சரிசெய்துகொண்டு, அது தெரியாமல் இந்த மேடையில் யார் ஏறுவார் என்றார்.

அண்ணை இடது கையால் மைக்கைப் பிடித்தார். முதல் வரி தப்பிவிட்டது. கிற்றார்காரர் மெட்டைத் திரும்ப வாசித்து அதே இடத்தில் காத்து நின்றார். அண்ணை பாட்டில் ஏறிக்கொண்டார். பிறகு குரல் வந்தது, ட்றக்குக்குள் இருபத்தைந்து வருடம் ஒருவரும் கேட்காமல் பாடிய அந்தக் குரல். ஒருவரும் ஆட்டத்தை நிற்பாட்டவில்லை. வரிசை அதே மாதிரித் திரும்பி, அதே மாதிரிக் கால் தட்டியது. அவர்களுக்கு அது இன்னொரு ஞாயிற்றுக்கிழமை.

அக்கா சுவரோரக் கதிரையில் இருந்தார். பக்கத்தில் இருந்த கிழவி கைக்குட்டையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, உன் புருசனா என்று கேட்டாள். அக்கா ஓமென்று தலையாட்டினார்.

"யாருக்காகப் பாடுகிறார்?" என்றாள் கிழவி.

"தெரியாது," என்றார் அக்கா. "நான் கேட்டுக்கொண்டிருக்கிறேன்."

கிழவி அவருடைய முழங்கையை ஒருதரம் அழுத்திவிட்டு ஆட எழுந்து போனாள்.

அண்ணைக்கு இப்போது சில சொற்கள் வருகின்றன. தண்ணி, காணும், சூடு, வா. இதற்கு மேல் அதிகம் எதிர்பார்க்கவேண்டாம் என்று வைத்தியர்கள் சொல்லிவிட்டார்கள். போன கிழமை படியில் சாமான் பையோடு ஏறிவந்த அக்காவிடமிருந்து நான் ஒரு பையை வாங்கிக்கொண்டேன். அண்ணை நன்றாகப் பாடுகிறாரே என்றேன். அக்கா மூச்சு வாங்க நின்றார்.

"பாட்டிலை பெரிய விசயம் எல்லாம் இருக்குத் தம்பி. பிரியிறது, சாகிறது, கடவுள், அம்மா. எனக்கு வேண்டியது அது இல்லை. முந்தி ஒகாயோவிலை நிண்டு போன் எடுப்பார். 'என்ன கறி? கதவைப் பூட்டினீரோ? பிள்ளை சாப்பிட்டவளோ?' அவ்வளவுதான் கேப்பார். எனக்குச் சினமா இருக்கும், வேலையா நிக்கிறன் பேந்து எடுங்கோ எண்டு வைப்பன். கதவைப் பூட்டினீரோ எண்டு கேக்கிறதுக்கு ஒரு பாட்டும் இல்லை. நானும் எல்லாத்தையும் கேட்டுப் பாத்திட்டன்."

அவர் கண் கலங்கவில்லை. பையை வாங்கிக்கொண்டு மேலே போனார்.

போன ஞாயிறு நானும் அவர்களோடு லொங்குய்ய் போனேன். திரும்பி வரும்போது மெற்றோ மேடையில் மூவரும் நின்றோம். அண்ணை அன்று புதிதாகக் கேட்ட ஒன்றை முணுமுணுத்துக்கொண்டிருந்தார். அக்கா தன்னை அறியாமல் சேர்ந்து பாடினார். ஒரு சொல் பிழைத்துவிட்டது. அண்ணை பாட்டை நிற்பாட்டிப் பிழை என்று தலையாட்டினார். அந்தச் சொல்லைத் தனியாக, மெட்டோடு, ஒருதரம் பாடிக் காட்டினார். அக்கா திரும்பச் சொன்னார். அண்ணை மறுபடியும் தலையாட்டினார். ரெயில் வந்தது, கதவு திறந்தது. அக்கா அண்ணையின் வாயையே பார்த்துக்கொண்டு நின்றார். "பொறுங்கோ, வருது," என்றார்.

கதவு மூடிக்கொண்டது. நாங்கள் அடுத்த ரெயிலுக்கு நின்றோம்.